அம்மாள் கோடு

நானூற்றுப் பன்னிரண்டு என்று பெஞ்சமின் மைக்கில் சொன்னதும் கூடம் கைதட்டியது, மேடையில் உட்கார்ந்திருந்த டாக்டர் இசக்கியம்மாளுக்குக் கழுத்து அரித்தது. பொன்னாடையின் ஜரிகைதான். போர்த்துகிறவர்கள் போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள், அதை எப்போது எடுக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை; எடுத்தால் மரியாதைக் குறைவு, வைத்திருந்தால் இந்த அரிப்பு. மதுரையில் பெரிய ஓட்டல் ஒன்றின் கூடம், மாநிலத்து இதய மருத்துவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடுகிற மாநாடு, குத்துவிளக்கின் திரிகளில் பாதியை ஏசி ஏற்கெனவே ஊதி அணைத்துவிட்டது. சிறந்த ஆய்வாளர் விருது அவளுக்கு. முதலில் அறிமுக உரை, பிறகு விருது, பிறகு அவள் பேச்சு, பிறகு சாப்பாடு. அறிமுகம் செய்ய பெஞ்சமின் ஞானராஜைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது, ஒரே கல்லூரி, ஒரே துறை, விருதுக்குக் காரணமான கட்டுரையில் அவள் பெயருக்கு அடுத்த பெயர் அவனுடையது. அவன் படித்துக்கொண்டே போகிறான். மொத்தக் கட்டுரைகள் இத்தனை, ஹெச்-இண்டெக்ஸ் என்கிற மேற்கோள் மதிப்பெண் இத்தனை, அதில் ஒரே ஒரு கட்டுரையை மட்டும் உலகம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. போன மாதம் வரைக்கும் அந்த எண் ஏறுகிறதா என்று காலையில் பல் விளக்குமுன் போனில் பார்க்கிறவள் அவள். ஒன்று ஏறியிருந்தால் காபி கொஞ்சம் இனிக்கும். இப்போது அதே எண் மைக்கில் வரும்போது குத்துவிளக்கில் இன்னும் எத்தனை திரி எரிகிறது என்று எண்ணுகிறாள்.

மேஜைமேல் பெயர்ப்பலகை. டாக்டர் அம்மாள். முழுப்பெயரைப் போட இடமில்லாமல் இல்லை, வெளிநாட்டுக்காரர்கள் அப்படித்தான் எழுதுகிறார்கள், அதையே இவர்களும் பிடித்துக்கொண்டார்கள். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் விடுதி வார்டன் கேட்டாள், ஏம்மா, டாக்டருக்குப் படிக்கப் போற, பேரைக் கொஞ்சம் மாத்திக்கிடக் கூடாதா, இந்துன்னு வச்சுக்கோயேன். மாட்டேன் என்றாள். காடுகரையில் காவலுக்கு நிற்கிற அம்மனின் பெயர், அப்பா நேர்ந்து வைத்தது, வெள்ளைக் கோட்டுக்கு ஒத்துவராவிட்டால் கோட்டு மாறட்டும். அப்படிப் பிடிவாதமாகக் காப்பாற்றிய பெயரை அந்தக் கட்டுரை வந்த பிறகு உலகம் இரண்டாக வெட்டி, இசக்கியை விட்டுவிட்டு, மீதியை எடுத்துக்கொண்டது. அம்மாள் முதலானோர். அம்மாள் லைன். நேப்பாளத்திலும் கென்யாவிலும் ஒடிசா மலைகளிலும் இதய வால்வு சுருங்கிய கர்ப்பிணி ஒருத்தி மூச்சிரைத்துக்கொண்டு வந்தால், அங்கிருக்கிற டாக்டர் எக்கோ என்கிற இதய ஸ்கேன் பார்த்து, நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, அம்மாள் லைனுக்கு மேலா கீழா என்று கேட்பார். கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு, இது நெஞ்சுக்குள்ளே ஒளிந்திருக்கிற பிரஷர், சரியாக அளக்க வேண்டுமானால் தொடை ரத்தநாளம் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு வசதியில்லாத ஊர்கள்தான் உலகத்தில் அதிகம். அந்த ஊர்களுக்காகத்தான் கோடு போட்டாள். ஐம்பது. ஐம்பதுக்கு மேலே போனால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிரசவம் வரைக்கும் வைத்துக்கொள். ஐம்பதுக்குக் கீழே என்றால் பயமில்லை, வீட்டுக்கு அனுப்பு. எளிமையாக இருந்ததால்தான் ஊர் ஊராகப் போனது. ஐம்பது. கேட்டவுடனே மனதில் நிற்கிற எண். நாற்பது என்று சொன்னாலும் அதே அளவுக்கு நின்றிருக்கும்.

நாற்பதுதான். போன மாதம் வரைக்கும் தெரியாது, இப்போது தெரியும், தெரிந்ததைத் தெரியாததாக்க முடியுமா என்று தினமும் குளிக்கும்போது யோசிக்கிறாள். கல்லூரிக்கு இப்போதுதான் குழாய் விட்டுப் பார்க்கிற வசதி வந்தது. முதல் நோயாளிக்குக் குழாய் முப்பத்தெட்டு என்றது, அவர்களுடைய எக்கோ ரிப்போர்ட்டில் நாற்பத்தெட்டு. குழாயைச் சந்தேகப்பட்டாள். அடுத்த ஆளுக்கும் பத்து வித்தியாசம், அதற்கடுத்த ஆளுக்கும் ஏறக்குறைய அதே பத்து. தவறு என்றால் இப்படியும் அப்படியும் இருக்கும், இப்படி அளந்து வைத்த மாதிரி இருக்காது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு எக்கோ அறைக்குப் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், இத்தனை வருஷத்தில் யாரும் திறக்காத செட்டிங் பக்கத்தைத் திறந்தாள். அங்கே அமைதியாக இருந்தது, வலது மேலறை அழுத்தம், பத்து, தானாகக் கூட்டப்படும். மெஷின் ரத்தத்தின் வேகத்தை வைத்துக் கணக்குப் போடும், அதோடு இதயத்தின் வலது மேலறைக்காகப் பத்தைக் கூட்ட வேண்டும், அது பாலபாடம். பழைய மெஷின் கூட்டாது, நாம்தான் கூட்டுவோம். துறை முழுக்கக் கைப்பழக்கம், திரையைப் பார், பத்தைக் கூட்டு, எழுது. ஆய்வு தொடங்கிய மாதம் புது மெஷின் வந்தது. அது தானே கூட்டிக்கொண்டது. இவர்களும் கூட்டினார்கள். ஆயுத பூஜைக்கு அதன் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், பெஞ்சமின் கிறிஸ்தவன், அவன்கூட ஒரு பூ வைத்தான், ஒருத்தரும் மெனுவைத் திறந்து பார்க்கவில்லை. அறுநூறு சொச்சம் பெண்கள், ஒவ்வொருத்திக்கும் இரண்டு முறை பத்து. பட்டமேற்படிப்பு மாணவர்களை நம்பாமல் ஒவ்வொரு எண்ணையும் தானே கூட்டி எழுதினாள், அந்தப் பெருமையை முன்னுரையில் வேறு சொல்லியிருக்கிறாள். இதில் ஒரு கொடுமை என்னவென்றால் அவளுடைய சொந்த ஆஸ்பத்திரியில் இந்தத் தப்பு ஒருத்தியையும் தொடவில்லை. இங்கே எல்லோரும் பத்தைக் கூடக் கூட்டினார்கள், ஐம்பது என்ற கோட்டோடு ஒப்பிட்டார்கள், தப்பும் தப்பும் சேர்ந்து சரியாகப் போனது, தாய்மார்கள் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்கள். ஒழுங்காக அளக்கிற ஊர்களில்தான் ஆபத்து. எவன் சரியாகச் செய்கிறானோ அவன் வார்டில்தான் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுகிறாள்.

"இத்துடன் முடியவில்லை" என்றான் பெஞ்சமின். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். முடியாது, அவன் முடிக்க மாட்டான், அது இசக்கியம்மாளுக்குத் தெரியும். காலையில் ஓட்டல் சாப்பாட்டு அறையில், அவன் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு போய்விட்டது, டிஷ்யூ காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்தான், அந்தக் காகிதத்தைக் கசக்கிச் சாம்பாரில் போட்டான்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கீயளாக்கா?"

"இன்னும் இல்ல. இன்னைக்கு மேடையில சொல்லலாம்னு பாக்கேன்."

"இன்னைக்கா? விருதைக் கையில வாங்கிக்கிட்டா?"

"வேற எப்பச் சொல்ல? இத்தனை பேரு ஒரே இடத்துல எப்பக் கிடைப்பாவ?"

"பத்திரிகைக்குத் திருத்தம் எழுதிப் போடுவோம்க்கா. முறையாப் போடுவோம். அடுத்த மாசம் என் டைரக்டர் இன்டர்வியூ முடிஞ்சிரட்டும். நான் உங்ககிட்ட வேற எதையும் கேக்கல."

"திருத்தத்தை எவன் படிக்கான் பெஞ்சமின்? நீ எந்தத் திருத்தத்தையாவது படிச்சிருக்கியா?"

இட்லியைப் பிட்டான், வாயில் வைக்கவில்லை. "அது இப்ப நம்ம பேப்பரே இல்லக்கா, ஊரு பேப்பரு. நாம எழுதி ஒம்பது வருசம் ஆச்சு. அதை வச்சு எத்தனை பேரு எத்தனை கட்டடம் கட்டிட்டான். அடியில போயிக் கல்லை உருவுதேன்னா எப்படி?" அவன் கெட்டவன் இல்லை. அவள் கணவன் இறந்த வாரம் அவளுடைய வார்டையும் சேர்த்துப் பார்த்தவன் அவன், ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டியதில்லை. டைரக்டர் ஆனால் நன்றாகச் செய்வான். அவனைத் தவிர அந்த நாற்காலிக்கு வரிசையில் நிற்கிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. அப்படியிருக்க இது யாருக்கு நல்லது, ஒரு மாதம் பொறுத்தால் என்ன, ஒன்பது வருஷம் போனது போனதுதானே, ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று மனம் அவன் குரலிலேயே பேசுகிறது, அவன் குரலிலேயே திருநெல்வேலிப் பேச்சில் பேசுகிறது, பிறகு அது அவன் குரல் இல்லை, அவளுடையதுதான் என்று தெரியவருகிறது. மேடை மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகினாள். மூடி சுற்றிக்கொண்டே இருந்தது, கழன்று வரவில்லை. வைத்துவிட்டாள்.

அவன் இப்போது நாடுகளின் பெயர்களைப் படிக்கிறான். பெரு. எத்தியோப்பியா. வங்கதேசம். ஒவ்வொரு பெயரையும் சொல்லிவிட்டு ஒருமுறை அவள் பக்கம் திரும்பிப் பார்க்கிறான், கூடத்துக்கு அது மரியாதையாகத் தெரியும், அவளுக்கு அது கயிற்றில் இன்னொரு முடிச்சு. இவ்வளவையும் கேட்டுக்கொண்ட பிறகு நீ எப்படிச் சொல்லுவாய் பார்க்கலாம் என்கிறான், வாயால் சொல்லாமல். இந்தியாவுக்குள் வந்து ஒடிசா என்றான். பிரதான். அந்தப் பெயர்தான், மனம் எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து மாட்டுகிறது. மலைப்பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பிரதான் என்கிற டாக்டர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெயில் அனுப்பியிருந்தார். எவ்வளவு பணிவு. மேடம், உங்கள் கோடு எங்களுக்குப் பெரிய உதவி, ஆனால் ஒரு தாய், நாற்பத்தேழுதான் இருந்தது, வீட்டுக்கு அனுப்பினோம், வழியிலேயே மூச்சு முட்டி இறந்துவிட்டார், எங்கள் அளவில்தான் தவறு இருக்க வேண்டும், தொந்தரவுக்கு மன்னிக்கவும். அவள் அன்றைக்கே பதில் போட்டாள், உடனே பதில் போடுகிறவள் என்று அவளுக்குப் பெயர் உண்டு. எக்கோ பார்க்கும்போது கருவியைப் பிடிக்கிற கோணத்தைச் சரிபார்க்கவும். அந்த ஒரு வரிதான். நன்றி மேடம், இனிமேல் கவனமாக இருக்கிறோம் என்று அவர் திரும்பவும் எழுதினார். அதற்குப் பிறகு அவர் எத்தனை ராத்திரி தன் கையைத் தானே சந்தேகப்பட்டுப் படுத்திருப்பார். சரியாக அளந்த கை. அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை, எழுத மாட்டார்கள், அது முறை இல்லை. ஒரு தாய். நாற்பத்தேழு. நானூற்றுப் பன்னிரண்டில் பிரதான் இல்லை. அவர் கட்டுரை எழுதுகிறவர் இல்லை, படித்துவிட்டு அதன்படி நடக்கிறவர். அப்படி நடக்கிறவர்களை எந்த இண்டெக்ஸும் எண்ணுவதில்லை, அவர்கள் எவ்வளவு பேர் என்று கேட்டால் பெஞ்சமினிடம் எண் இல்லை, அவளிடமும் இல்லை. கோணத்தைச் சரிபார்க்கவும். கோணத்தைச் சரிபார்க்கவும்.

மடியில் போன் அதிர்ந்தது. பொன்னாடையின் ஓரத்தைத் தூக்கி மறைத்துக்கொண்டு, வகுப்பில் கதைப்புத்தகம் படிக்கிற பெண்ணைப்போலக் குனிந்து பார்த்தாள். நசீமா. கடற்கரைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிற டாக்டர், போன வருஷம் ஒரு பயிற்சி முகாமில் அறிமுகம், சந்தேகம் வந்தால் கேட்கிற நல்ல பெண். எழுதியிருந்தாள்: மேடம் மாநாட்டில் இருப்பீங்க, ஸாரி. ஏழு மாச கர்ப்பிணி, வால்வு சுருக்கம். எக்கோ நானே பார்த்தேன், கோணம் எல்லாம் சரியா வச்சு மூணு தடவை பார்த்தேன், நாற்பத்து நாலு. அம்மாள் லைனுக்குக் கீழதான் இருக்கு. லேசா இரைப்பு இருக்கு, ஆனா வீட்ல ரெண்டு வயசுப் பிள்ளை இருக்கு, போகணும்னு நிக்கிறாங்க. அனுப்பலாம்தானே மேடம்? அனுப்பலாம்தானே. பதில் அதற்குள்ளேயே இருக்கிற கேள்வி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதி வைத்த பதில். பெரு இல்லை, எத்தியோப்பியா இல்லை, கூப்பிடு தூரம். உடனே அடித்தாள். அனுப்பாதே. சேர்த்து வை. செய்தி போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது, உடனே அந்த அப்பாடாவின்மேல் கோபம் வந்தது. இப்படியே பார்த்துக்கொள்ளலாம் இல்லையா, கேட்கிறவர்களுக்கெல்லாம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டே இருக்கலாம், ஒரு மாதம் ஓட்டலாம், பெஞ்சமினும் பிழைத்துக்கொள்வான். கேட்காதவர்கள்? கோடு போட்டதே கேட்காமல் முடிவெடுக்கத்தானே. கேட்கத் தோன்றாதபடிக்கு எளிமையாக எழுதினாயே, அதற்குத்தானே இந்தக் கைதட்டல்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. ஏன் மேடம்? கீழதானே இருக்கு? எங்க சீஃப் உங்க பேப்பரைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பெட் இல்லைங்கிறார். நான் அவர்கிட்ட என்ன சொல்ல?

என்ன சொல்ல. இசக்கியம்மாளுக்கு எதிராக அம்மாளைக் காட்டுகிறார் அந்த சீஃப். அவர் பக்கம்தான் நியாயம், அவரிடம் அச்சில் இருக்கிறது, நசீமாவிடம் மேடம் சொன்னாங்க என்கிற இரண்டு வார்த்தை மட்டும் இருக்கிறது. ஏன் என்று கேட்கிறாள் நசீமா, அவளுக்குக் காரணம் வேண்டும், காரணத்தைச் சொன்னால் அது இந்தக் கூடத்துக்கு வராமல் ஒரு போனுக்குள் நிற்குமா, நிற்க வைத்தால்தான் என்ன பிரயோஜனம். கூடத்தைப் பார்த்தாள். முந்நூறு பேர் இருக்கலாம், முதல் வரிசையில் வயதானவர்கள் ஏசிக்குச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டிருக்கிறார்கள், பின்னால் இளவட்டம் போனைப் பார்க்கிறது, நாளைக்கு இவர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய் அவரவர் வார்டில் நிற்பார்கள். நாற்பத்து நாலு. ரெண்டு வயசுப் பிள்ளை. அந்தக் கர்ப்பிணி இப்போது கட்டிலின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், போகலாம் என்று சொன்னால் போதும், ஓட்டமாகப் போவாள். பயமாக இருந்தது. வெட்கம் வேறு, பயம் வேறு, இது பயம். நாளைக் காலையில் போனை எடுத்தால் எண் ஏறியிருக்காது. தவறு என்று காட்டுவதற்காக இனி அவளை மேற்கோள் காட்டுவார்கள். அம்மாள் லைன் என்றால் பாடப்புத்தகத்தில் எச்சரிக்கைப் பெட்டிக்குள் வரும். வார்டன் சொன்னபடி இந்து என்று மாற்றி வைத்திருந்தால் அசிங்கப்படுவது இந்துவாக இருந்திருக்கும், அவள் பாட்டுக்கு இசக்கியாக இருந்திருக்கலாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. மேடையில் சிரிக்கிறாள் என்று போட்டோக்காரன் ஓடிவந்து ஒரு படம் எடுத்தான்.

பெஞ்சமின் முடித்துவிட்டான். எப்போது முடித்தான் என்று தெரியவில்லை. கேடயம் கைக்கு வந்தது, கனமாக இருந்தது, பாதி உயரத்தில் பிடித்துக்கொண்டு எல்லோரும் காமிராவைப் பார்த்தார்கள். மைக்கை அவள் பக்கம் திருப்பும்போது பெஞ்சமின் விரலை எடுக்கவில்லை. "அக்கா" என்றான், மைக்குக்குக் கேட்காத குரலில், அது மட்டும்தான். போனை அவன் முன்னால் நீட்டினாள். படித்தான். நசீமாவின் இரண்டாவது செய்தியில் அவன் கண் ரொம்ப நேரம் நின்றது. விரலை எடுத்தான், பின்னால் நகர்ந்தான். அவள் கேடயத்தை மேஜைமேல் வைத்தாள், பொன்னாடையைக் கழற்றி மடித்து அதன்மேல் வைத்தாள், கழுத்தைச் சொறிந்துகொண்டாள். மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே என்று வாய் பழக்கத்தில் தொடங்கியது, நாக்கு அதன் பாட்டுக்குப் போகிறது, அமைப்பாளர்களே, அருமை நண்பர்களே, அவளுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை, பத்தைக் கூட்டிய கை மாதிரி நாக்கும் பழக்கத்தில் ஓடுகிறது. நிறுத்தினாள். கூடம் நிமிர்ந்து பார்த்தது.

"அந்தக் கட்டுரையில இருக்கிற ஒவ்வொரு எண்ணுலயும் பத்து கூட இருக்கு" என்றாள். "மெஷின் கூட்டிக்கிட்டதை நான் திரும்பவும் கூட்டிட்டேன். கோடு ஐம்பது இல்ல. நாற்பது."

பின்வரிசையில் எங்கோ ஒருவர் கைதட்டினார், என்ன புரிந்துகொண்டாரோ, தன்னடக்கம் என்று நினைத்தாரோ, புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்தாரோ, கைதட்டல் வரிசை வரிசையாக முன்னால் வந்தது, முதல் வரிசைப் பெரியவர்களும் சால்வைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தட்டினார்கள், விருது வாங்கினவர் எதைச் சொன்னாலும் தட்டத்தானே வேண்டும். அவள் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தாள்.

"கை தட்டாதீங்க" என்றாள் இசக்கியம்மாள். "எழுதிக்கோங்க. ஊருக்குப் போன் போட்டுச் சொல்லணும்னா எந்திரிச்சுப் போயிச் சொல்லிட்டு வாங்க. நான் இங்கதான் நிக்கேன்."

கைதட்டல் நின்றது. நாற்காலி ஒன்று பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு இன்னொன்று. பக்கத்தில் பெஞ்சமின் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தான்.